ஏழில் தொடங்கி மூன்றில் முடிவது

செப்டம்பர் 28

தினமும் நாலு வரி எழுதச் சொல்லிக் கன்னியர் மடத்து அற்புதா சிஸ்டர் இந்த டைரியைக் கொடுத்தார். மனசில் இருப்பதை எழுத வராவிட்டால் என்ன சமைத்தேன் என்றாவது எழுதச் சொன்னார். இன்று புளிக்குழம்பு. அப்பளம் பொரிக்கவில்லை.

செப்டம்பர் 29

என் மகள் ஜெசிந்தா ஜூன் மாதம் இறந்துபோனாள். ரத்தப் புற்று. கணக்கில் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இதை எழுதிவிட்டால் மற்றதை எழுதுவது சுலபம் என்று சிஸ்டர் சொன்னார். எழுதிவிட்டேன். சுலபமாக இல்லை.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்குள் அவளுக்குக் கல் பதிக்க வேண்டும். இப்போது மண்மேடும் மரச்சிலுவையும்தான் இருக்கின்றன. மழையில் மண் இறங்கிவிட்டது.

கல்லில் என்ன வெட்டுவது என்பது அவளே சொன்னதுதான். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் திரும்பி வரும்போது என் மடியில் தலை வைத்துச் சொன்னாள். "அம்மா, வசனம் வேண்டாம். ஒரு எண்ணு சொல்லுறேன். அதை மட்டும் போடு." ஏழு, மூணு, ஒன்பது, மூணு, ஒன்பது, ஒண்ணு, மூணு, மூணு. வாடிப்பட்டி தாண்டும்வரை என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள், ஜெபம் படிப்பிக்கிற மாதிரி. அது என்ன எண் என்று நான் கேட்கவில்லை. வேனில் வேறு எதுவும் பேசுகிற நிலைமையில் நான் இல்லை.

அவர், அவளுடைய அப்பா, முன்சீட்டில் இருந்தார்.

அக்டோபர் 2

லீவு. அவருடைய அண்ணன் சவரிமுத்து அத்தான் வந்தார். கல் விஷயம்தான்.

"ஏத்தா லூர்து, ஊருக்கெல்லாம் 'கர்த்தர் என் மேய்ப்பர்'. நம்ம பிள்ளைக்கு மட்டும் நம்பரா? கேரளா லாட்டரியா அது?"

"அவ கேட்டா அத்தான்."

"காய்ச்சல்ல கேட்டிருப்பா."

"காய்ச்சல் இல்ல அன்னைக்கு."

"சரி, அது என்ன நம்பர்னாவது சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று என்று வாசித்துக் காட்டினேன். அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏழு கோடியா! இன்னாசி, உம் பொண்டாட்டி கோடீஸ்வரி ஆயிட்டாடா."

அவர் லோடு ஆட்டோவின் டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அத்தான் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையாமே. தெருவுல சொல்லுறாக." யார் சொன்னதோ. பேசாமல் என்ன? தட்டு வைக்கிற சத்தத்திலேயே சோறு தயார் என்று அவருக்குத் தெரியும்.

அக்டோபர் 4

அரிசி ஊறப்போட்டேன். மழை.

அக்டோபர் 7

சிலுவையோ வசனமோ இல்லாத கல் என்றால் பங்குச் சாமியாரிடம் சம்மதம் வாங்க வேண்டும். காலைப் பூசை முடிந்ததும் போய் நின்றேன். சின்ன வயசுச் சாமியார். எண்ணை ஒரு கவரின் பின்பக்கம் எழுதிப் பார்த்தார்.

"போன் நம்பரா அம்மா?"

"இல்ல சாமி. எட்டுதான் இருக்கு."

"மேல போனவங்களுக்குப் போடுற நம்பரோன்னு பாத்தேன்," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "தப்பா நினைக்காதீங்க. கணக்குப் படிச்ச பிள்ளை, ஏதோ அர்த்தத்தோடதான் கேட்டிருக்கும். அர்த்தம் என்னன்னு வந்து சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். தெரியாததைக் கல்லுல வெட்டினா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவாங்க. பிள்ளைக்கு அது வேண்டாமே."

அவர் சொல்வதும் நியாயம்தான். மாசப் பாதிக்குள் கல் கொத்துகிறவரிடம் கொடுத்தாக வேண்டும். அர்த்தத்துக்கு நான் எங்கே போவேன்? நான் எட்டாவது வரைதான்.

அக்டோபர் 9

ஜெசியோடு படித்த நசீமாவுக்குப் போன் போட்டேன். சாயந்திரமே பஸ் ஏறி வந்துவிட்டது பிள்ளை. என்னைக் கட்டிக்கொண்டது. எண்ணைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே மீதியை அது சொல்லி முடித்தது.

"இதுவா அம்மா? இது ஜெசியோட எண்ணு."

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது. சில எண்களைச் சம பங்காகப் பிரிக்கவே முடியாதாம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனால் வகுத்தாலும் மீதி விழுமாம். பகா எண் என்று பெயர். ஏழு அப்படி. பதிமூன்று அப்படி. நானும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், மறந்துபோனது. ஜெசியின் எண்ணும் பகா எண். அது மட்டுமில்லை. கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டால் மிஞ்சுவதும் பகா எண். மறுபடி வெட்டினாலும் அப்படியே. நசீமா தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டியது.

73939133
7393913
739391
73939
7393
739
73
7

"வெட்ட வெட்ட மிச்சம் இருக்கிறது உடையாது அம்மா. கடைசி ஒத்தை ஏழு வரைக்கும்."

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடி போனது, சதை போனது, நடை போனது. கடைசியில் கண் மட்டும் இருந்தது. அப்போதும் அவள் அவளாகத்தான் இருந்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு அம்மா. இந்த மாதிரி எண்ணுகள்லயே இதுதான் ஆகப் பெரிசு. இதுக்கு மேல..." என்று நசீமா ஆரம்பித்தது. பால் பொங்குகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்விட்டேன். காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் 12

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சத்துணவு உதவியாளர் வேலை. இன்று வந்த பிள்ளைகள் எழுபத்து மூன்று பேர். அவித்த முட்டையும் எழுபத்து மூன்று. சும்மா இருந்த நேரத்தில் மேடையில் முட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். மூன்று மூன்றாக வைத்தால் ஒன்று மிஞ்சியது. ஐந்து ஐந்தாக வைத்தால் மூன்று மிஞ்சியது. ஏழு ஏழாக வைத்தாலும் மூன்று. எப்படி வைத்தாலும் ஒன்றோ மூன்றோ வரிசைக்கு வெளியே நின்றது.

சமையல் பார்க்கிற பாப்பாத்தி கரண்டியோடு வந்து நின்றாள். "என்னக்கா, முட்டைய வச்சுப் பல்லாங்குழியா? பிள்ளைக தட்டோட நிக்குதுக."

"சமமாப் பிரியுதான்னு பாத்தேன்."

"தலைக்கு ஒண்ணு. அதுல என்ன பிரிக்கிறது?"

அதுவும் சரிதான். அவளுக்குத் தெரியாமலே, ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே பிரியும் என்று நசீமா சொன்னதைச் சொல்லிவிட்டாள். உரிக்கும்போது சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்ததால் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து பெரிய எண்ணை வகுத்துப் பார்த்தேன். வகுத்தல் மறந்திருக்கும் என்று நினைத்தேன், கை மறக்கவில்லை. மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு. ஏழால் வகுத்தாலும் இரண்டு. பதினொன்றால் நான்கு. பதிமூன்றால் எட்டு. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க ஆயுசு போதாது என்று நசீமா சொல்லியிருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு தடவை மீதி விழும்போதும் ஒரு நிம்மதி. இன்னும் உடையவில்லை, இன்னும் உடையவில்லை என்று.

அக்டோபர் 14

சாமியாரிடம் சொன்னேன். வெட்ட வெட்ட உடையாதது என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். அவரே ஒரு தாளில் கடைசி இலக்கத்தை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். ஏழு மட்டும் நின்றது.

"இதுக்கு மேல நான் என்ன பிரசங்கம் வைக்கப்போறேன்," என்று கையெழுத்துப் போட்டார்.

அக்டோபர் 16

கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே கல் கொத்துகிற தவமணியிடம் போனேன். முகமெல்லாம் கல்மாவு. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கருங்கல் பலகையில் சாக்பீஸால் எழுதினார்.

"அம்புட்டுத்தானாக்கா? கீழ பேரு, தேதி?"

"பேர் மேல. அதுக்குக் கீழ இது. வேற ஒண்ணும் வேணாம்."

"பாப்பாவ எனக்குத் தெரியும்க்கா. அந்தப் பக்கம் சைக்கிள்ல போகும்போது 'என்னண்ணே, இன்னைக்கு யாருக்கு வீடு கட்டுறீங்க'ன்னு கேட்டுட்டுப் போகும்." கண்ணைத் துடைத்தார். கல்மாவு கண்ணில் போய் இன்னும் மோசமாகிவிட்டது.

அக்டோபர் 20

மழையால் பள்ளிக்கூடம் லீவு. அவரும் சவாரிக்குப் போகவில்லை. ஒரே வீட்டில் பகல் முழுக்க இரண்டு பேர்.

எழுதத்தான் வேண்டும் என்றால் எழுதுகிறேன். இரண்டு தடவை மருந்து ஏற்றியும் நோய் திரும்ப வந்துவிட்டது. மூன்றாவது தடவை ஏற்றிப் பார்க்கலாம், பெரிதாக நம்பிக்கை சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று நான் ஜெசியின் காலைப் பிடித்தேன். பெற்றவள் பிள்ளையின் காலைப் பிடிக்கக் கூடாது என்பார்கள். பிடித்தேன். அவள் வேண்டாம் என்றாள். நான் ஆஸ்பத்திரிக் கோயிலுக்குப் போய் முட்டி போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள், வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்ற தாளில் கையெழுத்து விழுந்திருந்தது.

போட்டது அவர்.

மத்தியானம் ரசம். அவருக்கு மூடி வைத்தேன்.

அக்டோபர் 27

கல் தயார் என்று தவமணி சொல்லி அனுப்பினார். போனேன். ஜெசிந்தா என்ற பெயர் அழகாக வந்திருந்தது. கீழே எண். வாயால் படித்துக்கொண்டே வந்தேன். மூணு, மூணு, ஒண்ணு.

"இது என்ன தவமணி, கடைசியில ஒரு ஒண்ணு?"

அவர் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். "மொய் எழுதுறப்ப நூறுன்னு நிறுத்துவோமாக்கா? நூத்தி ஒண்ணுன்னுதான எழுதுறோம். நிறுத்திட்டா அத்தோட முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். ஒண்ணு வச்சா மேல வளரும். பிள்ளைக்கு எதுக்கு மொட்டையா நிறுத்தணும்னு நானா வச்சேன். அந்த ஒண்ணு எம் பங்கு."

எனக்குக் கோபம் வரவில்லை. விரலை அந்த ஒன்றின் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். நேராக, ஆழமாக, மற்ற எல்லா இலக்கத்தையும் விட நன்றாக வெட்டியிருந்தார். என்னைக் கேட்டிருந்தால் நானும் வை என்றுதான் சொல்லியிருப்பேன்.

இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 28

இருக்கட்டும் என்று சொன்னது காலையிலிருந்து உறுத்தியது. பாத்திரம் கழுவி முடித்துவிட்டுத் தரையில் அந்த ஒன்பது இலக்கத்தையும் எழுதினேன். மூன்றால் வகுத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு, நான்கு, ஆறு என்று ஈவு வந்துகொண்டே இருந்தது. கடைசி ஒன்றை இறக்கினேன். இருபத்தொன்று. ஏழு மூன்று இருபத்தொன்று.

மீதி இல்லை.

மறுபடி செய்தேன். மீதி இல்லை. மூன்று சம பங்காகப் பிரிந்துவிட்டது, சந்தைச் சாமான் மாதிரி.

நசீமாவுக்குப் போன் போட்டேன். "கடைசியில ஒண்ணு சேத்தா உடைஞ்சிருதே, கண்ணு."

"அன்னைக்கே சொல்ல வந்தேன் அம்மா. ஒண்ணு மட்டுமில்ல, எதைச் சேத்தாலும் உடைஞ்சிரும். ரெட்டைப்படை சேத்தா ரெண்டால போயிரும். அஞ்சு சேத்தா அஞ்சால. ஒண்ணு, ஏழு சேத்தா மூணால. மூணு, ஒன்பதுக்கு வேற பெரிய எண்ணு இருக்கு, ஆனா அதுவும் உடையும். அதான் ஆகப் பெரிசுன்னு சொன்னேன். இந்த எண்ணு இங்க முடிஞ்சாத்தான் இது இதுவா இருக்கும்."

"ஜெசி இதை உங்கிட்ட எப்பச் சொன்னா?"

"ரெண்டாவது தடவை அட்மிட் ஆயிருந்தப்ப."

போனை வைத்தேன். அவள் வேனில் சொன்னது வெட்டுவதைப் பற்றி மட்டுமில்லை. சேர்க்காதே என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் இலக்கங்களைத்தான் மனப்பாடம் செய்தேன்.

அக்டோபர் 30

தவமணியிடம் அந்த ஒன்று வேண்டாம் என்றேன். முகம் வாடிவிட்டது. காரணத்தைச் சொன்னேன். மொய்க் கணக்கு இதற்கு ஆகாது என்றதும் தலையாட்டினார்.

"வெட்டுனதை எப்படிக்கா அழிக்கிறது? பசையும் கல்மாவும் வச்சு அடைக்கலாம். ரெண்டு வெயிலுக்குப் பேத்துக்கிட்டு வந்துரும், ஒண்ணு மறுபடி தெரியும். இல்லாட்டி வலது ஓரத்தையே மேலருந்து கீழ அறுத்து எடுத்துரணும். கல்லு ஒடுங்கிப்போகும். எழுத்து நடுவுல நிக்காது."

"அறுத்திருங்க."

"பாரக் கல்லுக்கா. மிஷின்ல ஓடுறப்ப அந்தப் பக்கம் ஆடாமப் புடிக்க ஒரு ஆம்பளை வேணும். எம் பையக மூணாந்தேதிதான் வருவாங்க."

மூன்றாம் தேதி வந்து என்ன பிரயோஜனம். தெருவில் யாரைக் கூப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். வாசலில் லோடு ஆட்டோ நின்றது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்ப வாசலுக்கு வந்தேன்.

"கல்லைப் புடிக்கணும். வாங்க," என்றேன்.

துணி அவர் கையிலேயே இருந்தது, அதோடு வந்து வண்டியை எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மிஷின் ஓடும்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் ஊற்றினேன். அவர் இரண்டு கையாலும் கல்லை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சாம்பல் நிறச் சேறு அவர் சட்டையெல்லாம் அடித்தது. துண்டு தனியாக விழுந்தபோது, கல்லைப் பார்த்து உதடு மட்டும் அசைய இலக்கங்களைப் படித்தார். கடைசி மூன்றில் நிறுத்தினார். கண்ணை மூடித் திறந்தார்.

வேனில் முன்சீட்டில் இருந்தவர் இத்தனை நாளும் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

நவம்பர் 1

கல் பதித்தாயிற்று. வலது பக்கம் ஒடுங்கியிருக்கிறது. குறைந்த இடத்தில் அவரே சிமெண்ட் பூசினார். கலவை சரியாக இல்லை, இரண்டாம் தடவை கலந்தார்.

நவம்பர் 2

சாயந்திரம் கல்லறை மந்திரிப்பு. எல்லாக் கல்லிலும் மெழுகுவர்த்தி, செவ்வந்தி. சாமியார் வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். ஜெசியிடம் வந்ததும் நின்று ஒரு தடவை படித்துவிட்டுப் போனார். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஒருத்தி தன் வீட்டுக்காரரிடம், "போன் நம்பரை எதுக்குங்க போட்டிருக்காக?" என்று கேட்டது காதில் விழுந்தது. கேட்டுவிட்டுப் போகட்டும்.

சவரிமுத்து அத்தான் மாலையோடு வந்தார். கல்லைச் சுற்றி வந்து பார்த்தார். "ஒரு பக்கம் மொக்கையா இருக்கேத்தா. கீழ இடம் கிடக்கு பாரு. பெயிண்ட்லயாவது ஒரு வரி, 'நித்திய இளைப்பாற்றி'ன்னு..."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"வேணாம்ணே. இதுல எதையும் சேக்கக் கூடாது. சேத்தா அது அவ இல்ல."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். மாலையை மட்டும் சாத்திவிட்டு அத்தான் தன் அப்பா கல்லறைப் பக்கம் போனார்.

மெழுகு பாதி எரிகிறவரை இருந்தோம். திரும்பும்போது வண்டியைத் தோட்டத்து வாசலிலேயே விட்டுவிட்டு நடந்தோம், ஏன் என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாப் பக்கம் வந்ததும் கேட்டேன்.

"உங்களுக்கு யார் சொன்னா?"

"அவதான். நீ கோயில்ல இருந்தப்ப. கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி. என் உள்ளங்கையில பேனாவால எழுதிக் காமிச்சா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன் லூர்து. நீ எம் மூஞ்சியப் பாக்கல."

உண்மைதான். ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அதன் சத்தம் அடங்கட்டும் என்று நின்றோம்.

"இப்பச் சொல்லுங்க," என்றேன்.

ரோட்டோரத்தில் நின்றபடியே சொன்னார். அவள் அவரைக் கிட்டே கூப்பிட்டது, பேனா எழுதாமல் உதறியது, கடைசி மூன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை எழுதி எச்சில் தொட்டு அழித்துக் காட்டியது, "அம்மாவுக்கு இது புரிய நாளாகும்ப்பா, பொறுத்துக்கங்க" என்றது, பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னது. அவர் குரல் இரண்டு இடத்தில் நின்றது. நான் அவசரப்படுத்தவில்லை.

அவ்வளவுதான் என்றார்.

இன்னும் ஏதாவது சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.